நின்ற ஆடும் நடந்த ஆடும்: பத்தமடைக்கு ஒரு பயணம்

பத்தமடைக்குப் போகிறவர்கள் பாய் வாங்கப் போவார்கள். 1912-ஆம் வருஷம் தை மாதம் ஒரு வியாழக்கிழமை நான் அங்கே போனது, மூன்றரை வருஷத்துக்கு முன்னால் சொன்ன ஒரு பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்காக. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞான பாடம் நடத்தும் வாத்தியார் நான். அசன விருந்துக்கோ கலியாணத்துக்கோ ஆடு ஓட்டிப் போகும் அன்பர்களுக்கு உதவும் என்று வழி, நேரம், கூலி எல்லாவற்றையும் சரியாகக் குறித்திருக்கிறேன். மற்றதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் அது நியாயம்தான்.

முதலில் பழைய பயணத்தைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் புதிய பயணம் விளங்காது.

1908 ஆவணியில் முக்கூடலுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிறிஸ்தவ சபையில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. பண்டிகை என்றால் அசனம் உண்டு. ஏழை, பணக்காரன் என்று பாராமல் சபை முழுவதும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வருஷம் அசனக் காரியதரிசி நான். உள்ளூர் ஆடு விலை அதிகம் என்று, லீவு போட்டுக்கொண்டு நானே கூடங்குளத்துப் பக்கம் போய்ப் பன்னிரண்டு செம்மறிக் கிடாய்கள் வாங்கினேன். நல்ல கிடாய்கள். அங்கிருந்து ராதாபுரம், வள்ளியூர், நாங்குநேரி, சேரன்மகாதேவி வழியாக முக்கூடலுக்குச் சுமார் நாற்பத்தைந்து மைல். ஆடு மேய்ந்துகொண்டே வந்தால் ஐந்து நாள் ஆகும். என்னிடம் இருந்தது இரண்டரை நாள்.

வியாழக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். வழியில் மேயவிடவில்லை. தண்ணீர் காட்டியது இரண்டு இடத்தில். தாமிரபரணியில் தோணிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஆடுகளை நீந்த விட்டேன். ஓட்டி வந்த ஆட்கள் முணுமுணுத்தபடியே கூலி வாங்கிக்கொண்டு கூடங்குளத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நானோ இரண்டரை நாளில் வந்துவிட்டோம் என்று பந்தல் போடுகிறவர்களிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

அறுப்பதற்கு முக்கூடல் சந்தையில் கறிக்கடை வைத்திருந்த மீரான் சாயபுவைச் சொல்லியிருந்தோம். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். அவர் வந்து கிடாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தொடையில் கை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

“வாத்தியாரே, இந்த ஆட்ட இன்னைக்கு அறுக்கப்படாது. ரெண்டு நாளு நிக்கட்டும். தண்ணியும் தழையும் போடுங்க. கால் நடுக்கம் அடங்கணும். இப்ப அறுத்தா கறி தாங்காது வே.”

“நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயபு. ஓய்வுநாள். சபையில கத்தி எடுக்க மாட்டோம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சாகணும்.”

“அப்போ செவ்வாக்கெழம சோறு போடுங்க.”

“ஊரெல்லாம் சொல்லியாச்சே.”

“மனுசருக்குச் சொன்னீரு. ஆட்டுக்குச் சொல்லலையே.”

எனக்குக் கோபம் வந்தது. கூலியைக் கூட்டுவதற்கு வழி பார்க்கிறார் என்று நினைத்தேன். அதை அவர் காதில் விழும்படி சொல்லவும் சொன்னேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று மணிக்கு முதல் கிடாய். ஒவ்வொன்றுக்கும் இறைவன் பேரில் பிஸ்மி சொல்லி, ஒவ்வொன்றையும் நிற்கவைத்துப் பிறகு படுக்கவைத்து அறுத்தார். பன்னிரண்டும் உயிரோடு நின்றன. அங்கே வேறு ஆள் இல்லை. பக்கத்தில் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் சீக்கிரம் என்று அவரை விரட்டிக்கொண்டிருந்தவன் நான்.

கறி வழக்கம்போல் இல்லை. கருநாவல் நிறத்தில், தொட்டால் விரலில் ஒட்டும் பிசுபிசுப்போடு இருந்தது. தொங்கவிட்டு வாழை இலையால் மூடினோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சமையல்காரர் இலையைத் தூக்கியபோது வாடை வந்தது. என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்டார். பூண்டும் மிளகும் கூடப் போடுங்கள் என்றேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து நாற்பது பேருக்கு மேல் வாந்தி, பேதி. மணி அடித்துக் கோயிலைப் பெருக்கும் கோயில்குட்டியார் ஞானமுத்து நாலாம் நாள் இறந்துபோனார். கறி கறுத்திருந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். செத்த ஆட்டை அறுத்தால்தான் கறி கறுக்கும் என்று யாரோ சொன்னார்கள். வழியில் செத்த ஆட்டைச் சாயபு சத்தமில்லாமல் அறுத்துத் தொங்கவிட்டார் என்று பேச்சு முற்றியது. சபைப் பெரியவர்கள் கூடி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: “அறுக்கிறப்ப ஆடு உயிரோட நின்னுச்சா? நீர் பாத்தீரா?”

“நான் அப்போ பந்தல் வேலையில இருந்தேன்” என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். ஐந்தே வார்த்தை. ஆடு உயிரோடு நின்றது என்று சொன்னால், பிறகு ஏன் கறி கெட்டது என்று கேட்பார்கள். இரண்டரை நாளில் ஓட்டி வந்ததும், மிளகு போடச் சொன்னதும் வெளியே வரும். அந்தப் பயம்தான்.

மீரான் சாயபுவுக்கு அந்தப் பழி சபையோடு போகவில்லை. செத்த ஆட்டை அறுத்துக் கொடுப்பது அவர்கள் மார்க்கத்தில் ஹராம், விலக்கப்பட்டது. முக்கூடலில் அவர் கடையில் யாரும் கறி வாங்கவில்லை. மூன்று மாதத்தில் கடையை மூடிவிட்டு, மனைவியின் ஊரான பத்தமடைக்குப் போய்விட்டார். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். பாளையங்கோட்டைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து, தெரியாதவன்போல் இருந்தேன்.

போன வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உடற்கூறு பற்றி ஒரு புதிய புத்தகம் வந்தது. அதில் செத்த பிறகு தசைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு பகுதி. உயிருள்ள தசையில் ஒருவித மாச்சத்து சேர்ந்து கிடக்கிறது. அதுதான் ஓடுவதற்கும் நடப்பதற்கும் செலவாகிறது. ஆட்டை அறுத்த பின்பும் தசையின் வேலை உடனே நின்றுவிடுவதில்லை. மூச்சுக் காற்று கிடைக்காததால், மிச்சம் இருக்கும் மாச்சத்து மெல்ல மெல்லப் புளிப்பாக மாறுகிறது. பால் புளித்துத் தயிராகும்போது உண்டாகும் புளிப்புக்கு அது உடன்பிறப்பு. அந்தப் புளிப்பு ஏறினால்தான் கறி வெளிர்சிவப்பாக நிற்கும், அழுகலும் எளிதில் அண்டாது. ஓடி ஓடிக் களைத்த ஆட்டில் மாச்சத்து முன்னமே தீர்ந்துபோயிருக்கும். அறுத்த பிறகு புளிப்பாக மாற எதுவும் இருக்காது. கறி கறுத்து, பிசுபிசுத்து, விடிவதற்குள் கெடும். இரண்டு நாள் தழை தின்று நின்றால் அந்தச் சத்து மறுபடி ஊறிவிடும்.

ரெண்டு நாளு நிக்கட்டும். மீரான் சாயபு சொன்னது அச்சாகி என் மேஜைமேல் கிடந்தது. அப்போதும் நான் கிளம்பவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மூன்று மாதம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேறு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மார்கழிக் கடைசியில் பத்தமடையிலிருந்து ஒருவர் பாய்க்கட்டு சுமந்து எங்கள் தெருவுக்கு வந்தார். பேச்சுவாக்கில் மீரான் சாயபுவைத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாம என்ன? ஆத்தங்கரையில கோரை அறுக்குதாரு. பாவம், மக ஒருத்தி இருக்கா. நிச்சயம் பண்ணியிருந்த எடம் அந்த ஆட்டு வெவகாரத்துல முறிஞ்சு போச்சு. இப்ப ஏர்வாடியிலேருந்து ஒரு எடம் வந்திருக்கு. அவங்களும் அதத்தான் கேக்குதாவ, செத்த ஆடு அறுத்தவராமேன்னு. ரெண்டு வாரத்துல நேர்ல வந்து பேசுதாவளாம்.”

அன்றைக்கே நான் ரயில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் வாத்தியார் புத்தி. வெறுங்கையோடு போய்ப் பேசினால் யார் நம்புவார்கள், நிரூபணம் வேண்டும் என்று தோன்றியது. இரண்டு கிடாய்கள் வாங்கினேன். ஒன்றை வீட்டுப் பின்புறம் கட்டித் தழை போட்டேன். மற்றதைத் தீனி இல்லாமல் இரண்டு நாள் சீவலப்பேரிக்கும் பாளையங்கோட்டைக்குமாக ஓட்டச் சொன்னேன். ஆட்டை வதைத்துவிட்டேன் என்று நிரூபிக்க இன்னொரு ஆட்டை வதைத்தேன். முதல் தரம் செய்தது திருப்தி இல்லை என்று அடுத்த வாரம் வேறு இரண்டை வைத்து மறுபடி செய்தேன். புதன்கிழமை மூன்று மணிக்கு, அன்றைய அதே நேரத்துக்கு, இரண்டையும் அறுக்கச் செய்து, வியாழக்கிழமை விடிந்ததும் நீல லிட்மஸ் தாளைக் கறியில் வைத்துப் பார்த்தேன். நின்ற ஆட்டுக் கறியில் தாள் சிவந்தது. நடந்த ஆட்டுக் கறியில் நீலம் நீலமாகவே இருந்தது. இரண்டு கறித் துண்டுகளையும் இலையில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்து, தாள்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ரயிலடிக்கு மூன்று மைல். ஜட்கா வண்டிக்காரர் நாலணா கேட்டார். பேரம் பேசினால் மூன்றணாவுக்கு வருவார்கள். பாதி வழியில் வண்டிக்காரர் மூக்கைச் சுளித்துத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன சார்வாள், பெட்டிக்குள்ள எலி செத்துக் கெடக்கா?”

“ஆட்டுக் கறி.”

“கெட்டுப்போன கறியத் தூக்கிட்டு எங்கன போறீய?”

“பத்தமடைக்கு.”

“ஏன், அங்கனயும் ஒங்களுக்கு எதிரி இருக்காவளா?” என்றார். சிரிக்க வேண்டிய பேச்சு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலை ஏழே முக்காலுக்கு ரயில். சேரன்மகாதேவிக்கு மூன்றாம் வகுப்பு இரண்டரை அணா. பன்னிரண்டு மைல், முக்கால் மணி நேரம். பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல்தான். தை அறுவடைக்கு நெல் சாய்ந்து கிடந்தது. சன்னலோரத்தில் இடம் பிடித்தால் மலை தெரியும். எனக்குச் சன்னல் மட்டும் இல்லை, முழு பலகையும் கிடைத்தது. பெட்டி வாடை தாங்காமல் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். தனியாக உட்கார்ந்து, என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தேன். மாச்சத்து, புளிப்பு, தாள் என்று எல்லாம் வரிசையாக வந்தது. நான் பொய் சொன்னேன் என்ற வாக்கியம் மட்டும் எந்த இடத்திலும் சேரவில்லை.

சேரன்மகாதேவி ரயிலடியிலிருந்து பத்தமடை கிழக்கே இரண்டு மைல். மாட்டு வண்டி கிடைக்கும், இரண்டணா. நான் நடந்தே போனேன். ஒன்பதரைக்கு மீரான் சாயபுவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். சுவர் இடிந்த இடத்தில் ஓலை வைத்து மறைத்திருந்தார்கள். வாசலில் ஒரு பெண் சாயம் தோய்த்த கோரையைப் பிரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும்.

“வாப்பா ஆத்தங்கரைக்குப் போயிருக்காவ. இப்ப வந்துருவாவ. உக்காருங்க” என்று சொல்லி, முக்காட்டை இழுத்துவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. அந்தத் தண்ணீரைக் குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. தாகத்துக்குக் குடித்தும் விட்டேன்.

அரைமணி நேரம் கழித்து மீரான் சாயபு தலையில் ஈரக் கோரைக் கட்டோடு வந்தார். மெலிந்திருந்தார். கட்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு நேரம் ஆகவில்லை.

“வாத்தியாரா? வாரும். தலை நரைச்சுப் போச்சே.”

நான் வேறெதுவும் பேசாமல் பெட்டியைத் திறந்தேன். வகுப்பில் பேசுவதுபோலவே ஆரம்பித்தேன். மாச்சத்து என்றேன், புளிப்பு என்றேன், தாள்களை எடுத்துச் சிவப்பை ஒரு பக்கமும் நீலத்தை ஒரு பக்கமும் வைத்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. கறித் துண்டுகள் இரண்டையும் கட்டைவிரலால் ஒரு தரம் அழுத்தினார்.

“இது நின்ன ஆடு. இது நடந்து வந்தது” என்றார். சரியாகத்தான் சொன்னார். “ரெண்டு நாளு நடந்திருக்கும். தீனி போடலையோ?”

“ஆமாம்.”

“அதுவும் உம்ம கிட்டதான் வந்து மாட்டிச்சா?”

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“வாத்தியாரே, இந்தத் தாளு எதுக்கு? தாளு இப்ப சொல்லுதத நான் அன்னைக்கே ஒமக்குச் சொன்னேன். கறி ஏன் கறுத்துச்சுன்னு யாரும் என்னைய கேக்கல. அறுக்கையில ஆடு உயிரோட நின்னுச்சா, அதத்தான் ஊரு கேட்டுச்சு. அதப் பாக்கதுக்குக் கண்ணு போதும்லா? நீரு கடியாரத்த வச்சுக்கிட்டுப் பக்கத்துலதான நின்னீரு?”

“நின்னேன்.”

“அதச் சொல்லக்கூடாதா?”

மூன்றரை வருஷமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. நான் பயந்துவிட்டேன் சாயபு, பொய் சொல்லிவிட்டேன் என்றேன். ரயிலில் வராத வாக்கியம் அங்கே வந்தது. ஏர்வாடிக்காரர்களிடம் நானே வந்து சொல்கிறேன், எப்போது வருகிறார்கள் என்று கேட்டேன்.

அவர் கறித் துண்டைக் காட்டினார். “இது எப்ப அறுத்தது?”

“நேற்று மூன்று மணிக்கு.”

“நேத்து மூணு மணிக்கு அவங்க இங்கனதான் உக்காந்திருந்தாவ. ஒரு சாட்சி உண்டுமான்னு கேட்டாவ. இல்லன்னு சொன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாவ.”

வாசலில் அந்தப் பெண் கோரையை உதறிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் நின்று, பிறகு மறுபடி கேட்டது. முதல் பரிசோதனையோடு நான் நிறுத்தியிருந்தால் ஒரு வாரம் முன்னால் வந்திருப்பேன். இரண்டாம் தரம் செய்தது யாருக்காக என்று இன்று வரை யோசிக்கிறேன். அவருக்காக இல்லை என்பது மட்டும் தெரியும்.

இருந்தும் மறுநாள் பள்ளிவாசல் ஜமாஅத் முன்னால் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்றேன். அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று சேரன்மகாதேவியில் தெரிந்த உபாத்தியாயர் ஒருவர் வீட்டில் தங்கினேன். கறித் துண்டுகளை ஆற்றங்கரையில் குழி தோண்டிப் புதைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து ஒன்றே காலுக்குப் பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். முற்றத்து வேப்பமரத்தடியில் என்னை நிற்கச் சொன்னார்கள். ஜமாஅத் தலைவர் பாய் மொத்த வியாபாரி, அறுபது தாண்டியவர். நான் மாச்சத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பன்னிரண்டு கிடாயும் உயிரோடு நின்றன, ஒவ்வொன்றுக்கும் பிஸ்மி சொன்னதை என் காதால் கேட்டேன், அறுக்க வேண்டாம் என்று அவர் சொல்லியும் அவசரப்படுத்தியது நான், கேட்டபோது பொய் சொன்னதும் நான் என்றேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சாட்சி வார வரைக்கும் கத்தி எடுக்காதீரும்னு மூணு வருசத்துக்கு முந்தி நாங்கதான் இவருக்குச் சொன்னோம். சாட்சி பாளையங்கோட்டையிலதான இருந்தீரு? கால்ல முள்ளு குத்தியிருந்துச்சோ?”

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, மீரான் அறுத்தது ஹலால்தான், இனி யாரும் வேறு பேசக்கூடாது என்று சத்தமாகச் சொன்னார். ஏர்வாடிக்கும் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். பிறகு மீரான் சாயபுவிடம், கந்தூரி விருந்துக்கு வாங்கிய கிடாய் பின்னால் நிற்கிறது, நீரே அறுத்துக் கொடும் என்றார்.

மீரான் சாயபு உடனே நகரவில்லை. அவர் கண் நிறைந்திருந்தது. மெதுவாகப் போய்க் கிடாயின் தொடையில் கை வைத்தார். அதன் காலில் செம்மண் புழுதி அப்பியிருந்தது.

“எங்கேருந்து வந்துச்சு?”

“களக்காட்டுலேருந்து. காலையிலதான் நடத்திக் கூட்டியாந்தாவ” என்று யாரோ சொன்னார்கள்.

“அப்போ ஞாயித்துக்கெழம அறுக்கேன். பைய நிக்கட்டும். தழை போடுங்க.”

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. தழை கொண்டுவர ஆள் போயிற்று. அன்றைக்கு எங்கள் சபையிலும் இதுபோல் ஒரு ஆள் தழை எடுக்கப் போயிருந்தால் போதுமே என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சேரன்மகாதேவியிலிருந்து முக்கூடலுக்கு மாட்டு வண்டி பிடித்தேன். ஆறு மைல், எட்டணா, தோணிக்குத் தனியாக அரையணா. தையில் ஆற்றில் தண்ணீர் குறைவு. இறங்கி நடக்கிறவர்களும் உண்டு. சபைப் பெரியவர் ஒருவரைக் கண்டு எல்லாவற்றையும் சொன்னேன். “பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது? கோயிலுக்குத்தான் கெட்ட பேரு” என்று அவர் காப்பி கொடுத்தார். அவர் கிளறாததால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

கோயில்குட்டியாரின் மனைவி அதே வீட்டில்தான் இருக்கிறார். அந்த அம்மாளிடமும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன்.

“அன்னைக்கு ரெண்டு தரம் வாங்கித் தின்னாவ. மொளகு நல்லா ஒறைக்குது, நல்லாருக்குன்னு சொன்னாவ” என்றார். மிளகு போடச் சொன்னதும் நான்தான் என்று முன்னமே சொல்லியிருந்தேனா இல்லையா என்று எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. அதனால் மறுபடி ஒரு தரம் சொன்னேன்.

இப்போது மாசி முடியப் போகிறது. ஏர்வாடிக்காரர்கள் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள் என்று பாய்க்காரர் வந்து சொன்னார். மீரான் சாயபு பத்தமடையில் வெள்ளிக்கிழமைதோறும் கறி போடுகிறாராம். அவர் கறிக்குக் கூட்டம் நிற்கிறதாம். மகள் பாய் முடைகிறாள்.

ஆடு ஓட்டிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கூடங்குளம், ராதாபுரம் பக்கத்தில் ஆடு மலிவுதான், நல்ல ஆடும்தான். ஒரு நாளைக்கு எட்டு அல்லது ஒன்பது மைலுக்கு மேல் ஓட்டாதீர்கள். வள்ளியூரிலும் நாங்குநேரியிலும் குளத்தில் தண்ணீர் இருந்தால் அங்கே தங்கி மேயவிடுங்கள். ஆற்றில் தோணிக்குக் காத்திருங்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகு இரண்டு நாள் தழையும் தண்ணீரும் போட்டு நிற்க விட்டு அறுங்கள். ஞாயிற்றுக்கிழமை அசனம் என்றால் வியாழக்கிழமையே ஆடு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அது முடியாவிட்டால் அசனத்தைத் தள்ளி வையுங்கள். கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். கறி கறுத்து விரலில் ஒட்டினால், மிளகு போட்டு மறைக்காமல் மண்ணில் புதைத்துவிடுங்கள். லிட்மஸ் தாள் தேவையில்லை. அறுக்கிறவரைக் கேட்டால் சொல்லுவார்.

பத்தமடைக்குப் போகிற வழியை மறுபடி குறிக்கிறேன். பாலத்து ரயிலடியிலிருந்து சேரன்மகாதேவி பன்னிரண்டு மைல், மூன்றாம் வகுப்பு இரண்டரை அணா, முக்கால் மணி நேரம். அங்கிருந்து கிழக்கே இரண்டு மைல் நடை. காலை ரயிலைப் பிடித்தால் ஒன்பதரைக்குள் மீரான் சாயபுவின் வாசலுக்குப் போய்விடலாம். நான் போய்ச் சேர மூன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குள் ஏர்வாடிக்காரர்கள் எழுந்து போயிருந்தார்கள்.